எண்ணெய் மேடையின் தீச்சுடரும் சட்டமும்

மும்பை நகரின் கிழக்குப் பகுதியில், செம்பூருக்குத் தெற்கே கடற்கழியை ஒட்டி மாஹூல் என்னும் மீனவர் சிற்றூர் இருக்கிறது. 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் அதன் அருகே இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. ஒன்று ஸ்டான்வாக் கம்பெனிக்கும் மற்றொன்று பர்மா ஷெல் கம்பெனிக்கும் உரியவை. 1974, 1976 ஆண்டுகளில் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களின் மூலம் இவற்றை அரசாங்கம் ஏற்றது. இன்று இவை இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆகிய நிறுவனங்களின் ஆலைகள். ஆலைகளின் உயர்ந்த குழல்களின் உச்சியில் எரியும் சுடர் செம்பூர்வாசிகளுக்கு நெடுநாட் பழக்கமானது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், அச்சுடரைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவந்திருக்கின்றன.

இதனினும் பல மடங்கு வாயுவை எரித்துத் தீர்த்த சுடர்கள் வேறு உண்டு. அவை மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோ மீட்டர் தொலைவில், நடுக்கடலில், பம்பாய் ஹை எண்ணெய் வயலின் மேடைகளில் எரிந்தன. கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. புகை நாசியில் ஏறுவதுமில்லை. ஆகவே அவற்றைப் பற்றி எவரும் நகராட்சிக்கு மனுச் செய்ததில்லை. எனினும் பூமியின் தட்பவெப்ப நிலையைப் பொறுத்தவரையில், அருகிலுள்ள சுடருக்கும் தொலைவிலுள்ள சுடருக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு இருப்பது சட்டத்தின் பார்வையில்தான்.

எண்ணெயுடன் பிறக்கும் வாயு

பூமியின் ஆழத்தில் எண்ணெய் தனித்து இருப்பதில்லை. மிகுந்த அழுத்தத்தின் காரணமாக இயற்கை வாயு அதில் கரைந்து கிடக்கிறது. சோடாப் புட்டியின் மூடியைத் திறந்தவுடன் நுரைத்துக்கொண்டு வாயு வெளிப்படுவதைப் போலவே, கிணற்றின் வழியே எண்ணெய் மேலேறி அழுத்தம் தணிந்ததும் அதில் கரைந்திருந்த வாயு பிரிந்து வருகிறது. எண்ணெயை எடுப்பவர் இந்த வாயுவையும் எடுத்தே தீரவேண்டும். வேண்டாம் என்று ஒதுக்க வழியில்லை. அதைச் சேர்த்து வைப்பதும் எளிதன்று. எண்ணெயைக் கப்பலில் ஏற்றிவிடலாம். வாயுவுக்கோ, அழுத்தம் கொடுக்கும் யந்திரங்களும், ஈரத்தை உறிஞ்சும் சாதனங்களும், கடலடிக் குழாய்களும், கரையில் அதை வாங்கும் தொழிற்சாலைகளும் வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் வாயுவை எரித்துவிடுவதே வழக்கம்.

ஆபத்துக் காலத்தில் இந்தச் சுடர் இன்றியமையாதது என்பதையும் குறிப்பிட வேண்டும். அழுத்த யந்திரம் திடீரென நின்றுபோனால், மேடையில் தேங்கும் வாயு சில நிமிடங்களில் வெடிக்கக்கூடிய நிலையை அடையும். அதை உயர்ந்த குழல் வழியே வெளியேற்றி எரித்துவிடுவது மேடையில் பணிபுரிவோரின் உயிரைக் காக்கும் செயலாகும். எனவே சுடரே கூடாது என்று எந்த அறிவுள்ள சட்டமும் கூறாது. ஆபத்துக்காக எரிப்பது வேறு. வாங்குவாரில்லை என்பதற்காக நாள்தோறும் எரிப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதே சட்டத்தின் முதல் வேலை.

பம்பாய் ஹை வயலில் 1974 பிப்ரவரியில் ‘சாகர் சாம்ராட்’ என்னும் துரப்பணக் கப்பல் எண்ணெயைக் கண்டது. 1976 மே 21ஆம் நாள் உற்பத்தி தொடங்கிற்று. முதலில் எண்ணெய் கப்பல்களில் ஏற்றப்பட்டுக் கரைக்கு வந்தது, வாயுவுக்குப் போக்கிடமில்லை. 1978இல் கடலடிக் குழாய்கள் உரண் நகருக்கு இடப்பட்ட பிறகே வாயு கரையை அடைந்தது. அங்கிருந்து அது டிராம்பேக்கு வந்தது. செம்பூரில் அதற்கு முன்னரே இயங்கிவந்த உரத் தொழிற்சாலை, அதாவது இன்றைய ராஷ்ட்ரீய கெமிகல்ஸ் நிறுவனம், அந்த வாயுவைக் கொண்டு யூரியா தயாரித்தது. டிராம்பேயிலுள்ள டாடா மின்நிலையம் அதைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்தது. நடுக்கடலில் எரிந்து வீணாகியிருக்கக்கூடிய வாயு, இவ்வாறு செம்பூரின் வழியாகத் தக்காணத்து வயல்களுக்கு உரமாகவும் மாதுங்கா வீடுகளுக்கு விளக்கொளியாகவும் மாறியது.

ஆனால் வாயு முழுவதும் கரைசேர்ந்துவிடவில்லை. அன்னியச் செலாவணியை மிச்சப்படுத்தும் பொருட்டு எண்ணெய் உற்பத்தி மிக வேகமாகப் பெருக்கப்பட்டது. வாயுவுக்கான யந்திரங்களும் குழாய்களும் அதே வேகத்தில் வளரவில்லை. 1990–91ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,800 கோடி கன மீட்டர் இயற்கை வாயு வெளிக்கொணரப்பட்டது. அதில் ஏறத்தாழ 500 கோடி கன மீட்டர் எரிக்கப்பட்டது. நாலில் ஒரு பங்குக்கு மேல்! ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் குறைந்தது 2 கிலோகிராம் அளவு கரியமில வாயு உண்டாகும் என்று கொண்டால், அவ்வோர் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடி டன் கரியமில வாயு எவருக்கும் பயனின்றி ஆகாயத்தில் கலந்தது என்பது கணக்கு. சமையலுக்கு விறகும் மண்ணெண்ணெயும் வரிசையில் நின்று வாங்கப்பட்ட காலம் அது என்பதை நினைத்தால், இழப்பின் அளவு இன்னும் துலக்கமாகும்.

பின்னர் நிலைமை மாறிற்று. 1984இல் இந்திய வாயு ஆணையம் நிறுவப்பட்டு, ஹஜீராவிலிருந்து பிஜைப்பூர் வழியாக ஜகதீஷ்பூர் வரை நெடுங்குழாய் இடப்பட்டது. எரிப்பைக் குறைப்பதற்கென்றே ஒரு திட்டம் வகுக்கப்பட்டு, 1991இல் உலக வங்கி அதற்குக் கடன் அளித்தது. 1995இல் மகாநகர் காஸ் நிறுவனம் தோன்றியதும் வாயு மும்பை வீடுகளின் அடுப்பங்கரைக்கே குழாய் வழியே வரத் தொடங்கிற்று. இதில் நீதிமன்றத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1999இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முன் வந்த புகை மாசு வழக்கு ஒன்றின் விளைவாகப் பழைய டாக்ஸிகள் அழுத்த வாயுவுக்கு மாற வேண்டியதாயிற்று. நகரக் காற்றைத் தூய்மை செய்வதற்காகப் பிறந்த கட்டளை, கடலில் கிடைக்கும் வாயுவுக்குப் புதிய வாடிக்கைக்காரரைத் தேடித் தந்தது. இவற்றின் பயனாக 2019–20இல் இந்தியாவில் எரிக்கப்பட்ட வாயு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 3 சதவீதமாக இறங்கிவிட்டது.

இது பாராட்டத்தக்க முன்னேற்றமே. ஆனால் இதை நிகழ்த்தியது பெரும்பாலும் சந்தையேயன்றி எண்ணெய் வயல் சட்டம் அன்று. விற்றால் இலாபம் தரும் வாயு விற்கப்பட்டது. எஞ்சியுள்ள 3 சதவீதமோ, சேர்த்தெடுக்கும் செலவு விலையைவிட அதிகமாகும் வாயு: சிதறிக்கிடக்கும் சிறு கிணறுகளிலிருந்து வருவது, அழுத்தம் குறைந்தது. சந்தை கைவிட்ட இடத்தில்தான் சட்டத்துக்கு வேலை தொடங்குகிறது.

எரிவதும் எரியாமல் தப்புவதும்

இயற்கை வாயுவின் பெரும்பகுதி மீதேன். எரிந்தால் அது கரியமில வாயுவாகிறது. எரியாமல் தப்பினால் மீதேனாகவே வானில் கலக்கிறது. இரண்டாவது மிகக் கொடியது. 20 ஆண்டுக் காலத்தைக் கணக்கில் கொண்டால், எடைக்கு எடை மீதேன் கரியமில வாயுவைப்போல் 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சிறைப்படுத்துகிறது என்று ஐக்கிய நாடுகளின் தட்பவெப்ப நிலை நிபுணர் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். 100 டன் மீதேன் எரிக்கப்படாமலே காற்றில் விடப்பட்டால், அதன் விளைவு 8,000 டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். அதே 100 டன், 98 சதவீதம் முற்றாக எரியும் நல்ல சுடரில் செலுத்தப்பட்டால், தப்பிய 2 டன்னையும் சேர்த்து விளைவு சுமார் 435 டன்னுக்குள் அடங்கும். சுடர் சரியாக எரியாமல் 91 சதவீதமே எரிந்ததாக வைத்துக்கொண்டால் அது சுமார் 990 டன்னாக ஏறிவிடும். இந்த 91 என்னும் எண் கற்பனையன்று. அமெரிக்காவின் மூன்று எண்ணெய்ப் பிரதேசங்களில் விமானத்திலிருந்து அளந்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், அங்குள்ள சுடர்களின் உண்மையான திறன் சராசரி அவ்வளவுதான் என்று 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் அறிவித்தனர். காற்றில் அணைந்துபோன சுடர்களும், அரைகுறையாக எரிபவையும் அவற்றுள் இருந்தன. அரசாங்கங்கள் பலவும் வழக்கமாகக் கணக்கில் கொள்ளும் எண் 98.

ஆகவே எவ்வளவு வாயு எரிக்கப்படுகிறது என்று மட்டும் கேட்கும் சட்டம் பாதிக் கேள்வியையே கேட்கிறது. அது எவ்வளவு நன்றாக எரிகிறது, வால்வுகளிலும் குழாய் மூட்டுகளிலும் எவ்வளவு கசிகிறது என்பது மறுபாதி.

‘தவிர்க்க இயலாத’ இழப்பு

இந்தியாவில் எண்ணெய் எடுப்பதை ஆளும் அடிப்படைச் சட்டம் 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் (ஒழுங்குமுறை, அபிவிருத்தி) சட்டம். அப்போது நாட்டில் எண்ணெய் கிடைத்த இடம் அஸ்ஸாம் ஒன்றே. கடலில் தோண்டுவது கனவிலும் இல்லை. அச்சட்டம், எண்ணெய் வீணாவதைத் தடுப்பதற்கும், கிணறுகளைத் தோண்டுவது, மூடுவது, கைவிடுவது முதலியவற்றை ஒழுங்குபடுத்துவதற்கும் விதிகள் செய்ய மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் தந்தது. வீணாவதைத் தடுக்கும் அதிகாரம் முதல் நாளிலிருந்தே சட்டத்தில் இருந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

ஆனால் 1969இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு அதே சட்டத்துக்கு வேறொரு முகத்தைத் தந்தது. குத்தகைதாரர் எடுக்கும் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் அரசாங்கத்துக்கு ராயல்டி செலுத்த வேண்டும் என்று 6ஏ பிரிவு விதிக்கிறது. கூடவே சில விலக்குகளும் தரப்பட்டன: நிலத்தடிக்கே திருப்பி அனுப்பப்பட்ட வாயு, உற்பத்தி வேலைக்கே பயன்படுத்தப்பட்ட வாயு, ‘தவிர்க்க இயலாதவாறு இழக்கப்பட்ட’ வாயு ஆகியவற்றுக்கு ராயல்டி இல்லை.

முதலிரண்டும் நியாயமானவை. வாயுவை நிலத்தடிக்கு அனுப்பினால் அது அங்கே எண்ணெயை மேலே தள்ளவும் உதவும். மூன்றாவதுதான் சிக்கலானது. எது தவிர்க்க இயலாதது? யந்திரம் பழுதானபோது எரிந்த வாயு தவிர்க்க இயலாததுதான். மாற்று யந்திரம் வாங்கி வைக்காததால் மூன்று மாதம் தொடர்ந்து எரிந்தால்? குழாயே இடாமல் எண்ணெய் உற்பத்தியைத் தொடங்கியதால் எரிந்தால்? நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு கூடை கரி சிந்தினால் அதைத் தவறு என்பர். வாயு கண்ணுக்குத் தெரியாத பொருளாதலால், அதன் இழப்பு இயற்கையின் செயல்போல் எண்ணப்பட்டு வந்திருக்கிறது.

சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் 1996இல் எண்ணெய்த் துரப்பணத் தொழிலுக்கென வகுக்கப்பட்ட நியதிகள் ஒரு படி முன்னேறின. வாயுவை எரிக்காமல் காற்றில் விடுதல் ஒருபோதும் கூடாது, எரித்தே ஆகவேண்டும் என்று அவை கட்டளையிட்டன. மேலே கண்ட கணக்கின்படி இது மிகப் பெரிய நன்மை. சுடர் உயரத்தில் எரிய வேண்டும். பக்கத்து நிலத்தின் பயிருக்குக் கேடு விளையுமானால் தரையில் குழிகட்டி, செங்கற்சுவர் எழுப்பி, சுற்றிலும் மரம் வளர்த்து எரிக்கலாம் என்றும் அவை விவரித்தன. காவிரிப் படுகையில் நரிமணம், குத்தாலம் போன்ற இடங்களில் வயல்களுக்கு நடுவே நிலையங்கள் இருப்பதை அறிந்தவர்களுக்கு அவ்விதியின் அவசியம் எளிதில் புரியும். பக்கத்து வயலின் பயிர் சட்டத்தின் கண்ணில் பட்டது. எவ்வளவு வாயு எரிக்கலாம் என்னும் வரம்பு மட்டும் அதில் இல்லை.

மாஹூலில் நடந்தது

அருகிலுள்ள சுடருக்குத் திரும்புவோம். செம்பூரில் சட்டம் எவ்வாறு வேலை செய்தது என்பதைப் பார்த்தால், கடலில் அது என்ன செய்யலாம் என்பது விளங்கும்.

2008இல் சுத்திகரிப்பு ஆலைகளுக்கெனப் புதிய நியதிகள் வெளியாயின. ஆலையிலுள்ள வால்வுகள், பம்புகள், குழாய் இணைப்புகள் ஆகியவற்றை ஆலையார் குறித்த கால இடைவெளியில் கருவி கொண்டு சோதித்து, கசிவு வரம்புக்கு மேற்பட்டால் பழுதுபார்த்துப் பதிவுசெய்ய வேண்டும் என்று அவை விதித்தன. பென்சீன் முதலிய நச்சு ஆவிகளை முன்னிட்டு எழுந்த விதி இது. மீதேனை முன்னிட்டு அன்று. எனினும் முறை ஒன்றே. கசிவைத் தேடும் கடமையை ஆலையின் தலையிலேயே சுமத்தியதுதான் இதன் சிறப்பு. ஆயிரக்கணக்கான மூட்டுகளை அரசாங்க இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து பார்ப்பது நடவாத காரியம்.

ஆயினும் மாஹூல் மக்களின் துன்பம் தீரவில்லை. தொட்டிகளில் இரசாயனங்களையும் எண்ணெயையும் ஏற்றி இறக்கும்போது எழும் ஆவிகளால் மூச்சுத் திணறலும் கண்ணெரிச்சலும் உண்டாவதாக அங்குள்ளோர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகினர். 2015இல் ஒரு தீர்ப்பும், அதைத் தொடர்ந்து 2020 ஆகஸ்டில் நஷ்டஈட்டுக் கட்டளையும் பிறந்தன. இரு சுத்திகரிப்பு நிறுவனங்களும் இரு சேமிப்புக் கிடங்கு நிறுவனங்களுமாக நான்கும் சேர்ந்து சுமார் 286 கோடி ரூபாய் செலுத்துமாறு தீர்ப்பாயம் ஆணையிட்டது. ‘மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும்’ என்னும் நெறியை 2010ஆம் ஆண்டின் தீர்ப்பாயச் சட்டமே தன் 20ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. தான்சா நீர்க்குழாய் ஓரத்திலிருந்து அகற்றப்பட்டு மாஹூலில் குடியமர்த்தப்பட்டவர்களை அங்கே வாழும்படி வற்புறுத்தலாகாது என்றும், மாற்று வீடு தரும்வரை மாதம் 15,000 ரூபாய் வாடகை தரவேண்டும் என்றும் பம்பாய் உயர்நீதிமன்றம் 2019இல் மாநில அரசுக்குக் கட்டளையிட்டது.

இவ்வெற்றிகளுக்கெல்லாம் காரணம், பாதிக்கப்பட்டவர் அருகில் இருந்ததே. மூக்கில் நாற்றம் ஏறியது. வழக்குத் தொடர ஆள் இருந்தார். நடுக்கடல் மேடையின் அருகே குடியிருப்பார் யாருமில்லை. அங்கே எழும் வாயுவால் துன்புறுபவர் யார், எங்கே, எந்த ஆண்டில் என்று சுட்டிக்காட்டுவதும் இயலாது. அதனால் அங்கே வழக்குக்காகக் காத்திராமல் விதியே முன்செல்ல வேண்டியிருக்கிறது.

பிறநாடுகளின் அனுபவம்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் எண்ணெய் வயல்களைக் கண்காணிப்பது, பெயருக்குப் பொருந்தாதபடி, ரயில்வே கமிஷன் என்னும் அமைப்பு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அங்கே வாயு பெருமளவில் எரிந்துகொண்டிருந்தது. 1947இல் சீலிக்சன் என்னும் வயலில், வாயுவைப் பயன்படுத்த ஏற்பாடு செய்யும்வரை எண்ணெய் எடுப்பதையே நிறுத்துமாறு கமிஷன் கட்டளையிட்டது. கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. மாநில உச்ச நீதிமன்றம் கமிஷனின் பக்கமே தீர்ப்பளித்தது. வீணடிப்பதைத் தடுக்கும் பழைய அதிகாரம் ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. தட்பவெப்ப நிலையைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை. ஓராண்டுக்குப் பின் இயற்றப்பட்ட இந்தியச் சட்டத்திலும் ஏறத்தாழ அதே அதிகாரம் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. சில பத்தாண்டுகளுக்குப் பின் அதே டெக்ஸாஸில் விலக்குகள் தாராளமாக வழங்கப்பட்டு, சுடர்கள் மீண்டும் பெருகின என்பது கதையின் மறுபகுதி.

நைஜீரியாவின் அனுபவம் கசப்பானது. 1979இலேயே அங்கே சட்டம் பிறந்தது; 1984 ஜனவரி 1 முதல் அமைச்சரின் அனுமதியின்றி வாயுவை எரிக்கலாகாது. கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுமதி எளிதில் கிடைத்தது, கட்டணமோ அற்பம். 1998இல் உயர்த்தப்பட்ட பின்னும் ஆயிரம் கன அடிக்கு 10 நைரா மட்டுமே. நாணயத்தின் மதிப்பு வீழ வீழ அதுவும் பொருளற்றதாயிற்று. வாயுவைச் சேர்ப்பதைவிடக் கட்டணம் செலுத்தி எரிப்பதே மலிவாயிற்று. நைஜர் முகத்துவாரத்து மக்கள் தொடுத்த வழக்கில், இவ்வாறு எரிப்பது உயிர்வாழும் உரிமைக்கு மாறானது என்று 2005இல் அந்நாட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் சுடர்கள் எரிந்தன. 2018இல்தான் பெரிய உற்பத்தியாளர் ஆயிரம் கன அடிக்கு 2 டாலர் தரவேண்டும் என்று விதி மாற்றப்பட்டது.

நார்வே நாடு வேறு வழியில் சென்றது. வட கடலில் எண்ணெய் கண்ட தொடக்கத்திலேயே, 1971இல், குறுகிய சோதனைக் காலங்களில் அன்றி வாயுவை எரிக்க இடமில்லை என்னும் கொள்கையை அந்நாட்டுப் பாராளுமன்றம் ஏற்றது. வாயுவுக்கு வழி செய்யாத வயலுக்கு உற்பத்தி அனுமதியே இல்லை. 1991இல் கடல் மேடைகளில் வெளியாகும் கரியமில வாயுவின்மீது வரியும் விதிக்கப்பட்டது. அதன் விளைவு சுவையானது. ஸ்லெய்ப்னர் என்னும் வயலின் வாயுவில் இயற்கையாகவே சுமார் 9 சதவீதம் கரியமில வாயு கலந்திருந்தது. அதைப் பிரித்தாலன்றி விற்க முடியாது. பிரித்ததைக் காற்றில் விட்டால் வரி. ஆகவே 1996 முதல் அதைக் கடலடியிலுள்ள உப்புநீர்ப் பாறையடுக்கில் செலுத்தத் தொடங்கினர். ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வரை அவ்வாறு புதைக்கப்பட்டது. பொறியியல் அறிவு ஏற்கெனவே இருந்தது; அதைப் பயன்படுத்துவதற்கான காரணத்தை வரி தந்தது.

உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் முன்னேற்றம் மந்தமே. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024இல் 15,000 கோடி கன மீட்டருக்குச் சற்று மேல் வாயு எரிக்கப்பட்டது.

இன்றைய நிலை

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் 2025இல் பெருமளவு திருத்தப்பட்டது. பழைய சட்டத்தில், விதிகளை மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் என்பது 1948இல் ஒரு தொகை. நாளடைவில் அது வேடிக்கையாகிவிட்டது. புதிய திருத்தம் சிறைத்தண்டனையை நீக்கி, 25 லட்சம் ரூபாய்வரை தண்டமும், மீறல் தொடருமானால் நாளொன்றுக்கு 10 லட்சம்வரை தண்டமும் விதிக்க வகை செய்தது. ஒரு லட்சம் கன மீட்டர் வாயுவின் மதிப்பு 2025ஆம் ஆண்டின் உள்நாட்டு விலையில் சுமார் 20 லட்சம் ரூபாய் என்று வைத்து நோக்கினால், நாள்தோறும் விழும் 10 லட்சம் ஒதுக்கிவிடத்தக்க தொகையன்று. ஆனால் தண்டம் எவ்வளவு என்பதைவிட, எது மீறல் என்பதே முக்கியம். எரிப்பின் அளவுக்கு வரம்பு வகுக்காதவரை, எரிப்பவர் எதையும் மீறியவர் ஆகமாட்டார்.

அவ்வாண்டு ஜூலையில் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்ட வரைவு விதிகளில், பசுமை இல்ல வாயுக்களை அளந்து அறிவிக்கும் கடமையும், கிணறுகளை மூடிய பின் பல ஆண்டுகள் கண்காணிக்கும் கடமையும் இடம்பெற்றன. பின்னது சிறிய விஷயமன்று. சரியாக அடைக்கப்படாத பழங்கிணறு, எண்ணெய் தராவிடினும் மீதேனைத் தந்துகொண்டே இருக்கும்.

இதற்கிடையில் வேறொரு சட்டமும் வந்திருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சிக்கனச் சட்டத்தின் கீழ், 2023இல் கரிம வரவுச் சந்தைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஆலைகள் அதில் அடங்கும் தொழில்களில் ஒன்று; மாஹூலின் புகைபோக்கி கணக்கில் ஏறும். எண்ணெய் எடுக்கும் மேடைகளோ அத்திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட தொழில்களில் சேரவில்லை. செம்பூரில் சுடுவது செலவு, கடலில் சுடுவது இலவசம் என்றாகிவிட்டால், கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்கும்; ஆகாயம் ஒழுங்காக இராது.

2021இல் கிளாஸ்கோவில் உருவான உலக மீதேன் உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. நம் நாட்டின் மீதேன் பெரும்பாலும் கால்நடைகளிலிருந்தும் நெல்வயல்களிலிருந்தும் வருகிறது, சிறு விவசாயியின் பிழைப்பில் கை வைக்கலாகாது என்பதே அதன் காரணம். காரணம் நியாயமானதே. ஆனால் அது மாட்டுக்குப் பொருந்துமேயன்றி அழுத்த யந்திரத்துக்குப் பொருந்தாது. எண்ணெய், இயற்கை வாயுக் கழகமே 2023இல் துபாயில் கூடிய மாநாட்டில், 2030க்குள் வழக்கமான எரிப்பை ஒழிப்பதாகக் கூறும் சாசனத்தில் சேர்ந்திருக்கிறது. மனமுவந்து தந்த அவ்வுறுதியை விதியாக்குவது கழகத்துக்குப் புதுச் சுமையாகாது.

அளப்பது இயலுமா என்ற ஐயம் இனி எழ வேண்டியதில்லை. இரவில் எரியும் சுடர்களின் வெப்பத்தைக் கொண்டு செயற்கைக் கோள்கள் வாயுவின் அளவை மதிப்பிடுகின்றன. 2022இல் வெளியான ஆய்வொன்று மும்பையின் குப்பைமேடு ஒன்றிலிருந்து மணிக்குச் சுமார் 10 டன் மீதேன் எழுவதை வானிலிருந்தே கண்டுபிடித்தது. குப்பைமேட்டைக் காண முடிந்த கருவிக்குக் கடல் மேடை மறைந்துவிடாது. நீர்ப்பரப்பின்மேல் அளப்பது சற்றுக் கடினம் என்பது மெய்யே. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய விதி, தன்னிடம் எண்ணெயும் வாயுவும் விற்கும் அயல்நாட்டாரும் காலப்போக்கில் இத்தகைய அளவைகளைக் காட்ட வேண்டும் என்கிறது.

நீதிமன்றங்களும் நகர்ந்திருக்கின்றன. தட்பவெப்ப மாறுதலின் தீங்குகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியலமைப்பின் 14, 21 பிரிவுகளில் அடங்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் கூறியது. எண்ணெய்க் கிணற்றுக்கு அனுமதி தருமுன் அந்த எண்ணெய் எரியும்போது எழும் வாயுவையும் கணக்கிட வேண்டும் என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் தீர்ப்பளித்தது. இந்தியாவிலோ 2020 ஜனவரியில் எண்ணெய்த் தேடுதல் பணிகளுக்கான சுற்றுச்சூழல் ஆய்வு எளிதாக்கப்பட்டது. அதற்கு அடுத்த மாதமே, காவிரிப் படுகையில் புதிய எண்ணெய், வாயுத் தேடுதலைத் தடுக்கும் வேளாண் மண்டலச் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியது.

தாராவிக்கும் மாதுங்காவுக்கும் இவை ஏட்டுச் சங்கதிகள் அல்ல. 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. மித்தி நதி கரை புரண்டு தாராவியின் தாழ்ந்த தெருக்களில் புகுந்தது; மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் நீரில் மூழ்கியது. மறுநாள், அதே கொந்தளிப்பான கடலில், பம்பாய் ஹை வடக்கு மேடையின்மீது கப்பல் ஒன்று மோதி, தீப்பற்றி மேடை முழுவதும் அழிந்தது. 22 பேர் உயிரிழந்தனர். ஒரு நாள் மழையைத் தட்பவெப்ப மாறுதலின் கணக்கில் முழுதும் எழுதிவிட விஞ்ஞானம் இடம் தராது. ஆனால் மத்திய இந்தியாவில் பரந்த பகுதியில் பெய்யும் கடுமழை நிகழ்ச்சிகள் 1950க்கும் 2015க்கும் இடையில் மும்மடங்காகியிருப்பதாகப் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வுக்கழக விஞ்ஞானிகள் 2017இல் கண்டறிந்துள்ளனர்.

பம்பாய் ஹை வயலுக்கு இன்று ஐம்பது வயதாகிறது. அதன் உற்பத்தி 1989ஐ ஒட்டி உச்சத்தை அடைந்து பின்னர் இறங்கிற்று. அதை மீண்டும் 60 சதவீதம் வரை உயர்த்தும் நோக்குடன், 2025இல் பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் பத்தாண்டுகளுக்குத் தொழில்நுட்பத் துணையாக நியமிக்கப்பட்டது. எண்ணெய் மிகுந்தால் அதனுடன் வரும் வாயுவும் மிகும். அவ்வாயுவுக்கான அழுத்த யந்திரங்களின் அளவும், மாற்று யந்திரங்களின் எண்ணிக்கையும், சுடர்க்குழலில் பொருத்தும் அளவைக் கருவியும் வரும் சில ஆண்டுகளில் வரைபடத்தில் முடிவாகிவிடும். எது ‘தவிர்க்க இயலாத’ இழப்பு, அது எத்தனை மணி நேரம்வரை அப்பெயருக்கு உரியது என்பதை விதிகள் அதற்குள் சொல்லியாக வேண்டும். 1976இல் எண்ணெய் முந்திக்கொண்டது. வாயுவுக்கான குழாய் இரண்டு ஆண்டுகள் பிந்தியே வந்தது.